நடுக்கடலில் ஏது ஜன்னல்

ஸாக்ரெப்
4 ஜூன் 2006

அன்புள்ள பெரினா அண்ணிக்கு,

பிராங்கா வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? உங்களுக்குத் தொலைபேசி பிடிக்காது என்பதால் எழுதுகிறேன். அதுவும் நல்லதுதான். ரோக்கோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதையெல்லாம் பேச முடியாது.

மே மாதம் தீவிலிருந்து திரும்பியது முதல் உங்கள் தம்பி சரியாக இல்லை. தலைவலி வருகிறது. அது வருவதற்கு முன், கண்ணெதிரே ரம்பத்தின் விளிம்புபோல வெளிச்சம் ஓடுகிறது என்கிறார். போன வாரம் சாப்பிடும்போது உப்பு ஜாடியைக் காட்டி, "அத எடு... அதான், அந்த வெள்ளையா இருக்குமே" என்றார். விளையாடுகிறார் என்று நினைத்து, "பேரச் சொன்னாத்தான் தருவேன்" என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. நில அளவைக்காரர், அண்ணி. நாட்டின் பாதிக் குன்றுகளின் பெயரும் உயரமும் அவர் தலைக்குள் இருக்கின்றன. உப்பு இல்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அங்கே அவர் கடலுக்கு அடியில் போனாரா? இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய ஸ்கூபா கழகத்து நண்பர் கீழே போய் மேலே வராமலே போனபோது, "இனி சிலிண்டரை முதுகில் கட்டமாட்டேன்" என்று எனக்கு வாக்குக் கொடுத்தார். உங்கள் வீட்டு ஜன்னல் கதவுகளுக்கு வர்ணம் அடிக்கத்தான் போனேன் என்கிறார். துவைக்கும்போது பார்த்தேன், ஒரு சட்டையிலும் ஒரு பொட்டு வர்ணம் இல்லை.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
பிராங்கா

*

கொமிஷா, விஸ் தீவு
15 ஜூன் 2006

அன்பிற்குரிய பிராங்காவுக்கு,

பெரினா வரையும் மடல். உன் கடிதம் பழுதின்றி வந்து சேர்ந்தது. இவ்விடம் எனது முழங்கால் முணுமுணுத்தபடியேனும் தன் கடமையை ஆற்றிவருகிறது. அவ்விடம் நீயும், நீ ஓட்டும் டிராம் வண்டியும், அதில் ஏறி இறங்கும் மாந்தரும் நலமென நம்புகிறேன்.

ரோக்கோவின் தலைவலிக்குக் காரணம் யாதென நான் ஐயமின்றி அறிவேன். குறுக்குக்காற்று. எதிரெதிரான இரு ஜன்னல்களைத் திறந்துவைத்து இடையில் ஒரு மனிதனை அமர்த்தினால், அக்காற்று அவன் கழுத்தை முறுக்கும். கண்ணைக் கூசச் செய்யும். நாவிலிருந்து சொல்லையும் களவாடும். இத்தீவில் இதனை அறியாத பூனையும் இல்லை. நான்காம் மாடியில் உங்கள் அடுக்களை ஜன்னலும் கூடத்து ஜன்னலும் நேருக்கு நேர் நிற்பதை நான் வந்திருந்தபோதே சுட்டிக்காட்டினேன். நீ சிரித்தாய்.

பதினான்காம் வயதில் பள்ளியை நீங்கியவள் நான். எம் தாய் ரோக்கோவை ஈன்ற கையோடு கண்மூடினாள். அவனை வளர்த்துக் கல்விச்சாலைக்கு அனுப்பியது நான். அவனுடைய பாடநூல்களின் அட்டையை அவன் கண்டான். உட்பக்கங்களை நான் கண்டேன். ஆதலால் என் கூற்றைப் படிப்பறியாதவள் கூற்றென்று தள்ளிவிடாதே. அடுக்களை ஜன்னலை அடைத்து வை.

கடலைப் பற்றி வினவியிருந்தாய். கடல் நலமாக இருக்கிறது.

ஜன்னல் கதவுகள் பச்சை வர்ணத்தில் மிளிர்கின்றன.

உங்கள் இருவர் நலனையும் நாளும் வேண்டும்
பெரினா

*

ஸாக்ரெப்
22 ஜூலை 2006

அன்புள்ள அண்ணிக்கு,

வெயில் அங்கேயும் இப்படித்தானா? உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்னபடி அடுக்களை ஜன்னலை அடைத்துவிட்டேன். உள்ளே வெந்துகொண்டிருக்கிறோம். ஆனால் இந்த மாதம் அவருக்குத் தலைவலி ஒருமுறைகூட வரவில்லை. அதனால் இம்முறை நான் சிரிக்கவில்லை.

ஆகஸ்டில் அவர் அங்கே வருகிறார். எனக்கு விடுப்புக் கிடையாது. கோடையில் ஓட்டுநர்களில் பாதிப் பேர் கடற்கரைக்குப் போய்விடுவார்கள், மீதிப் பாதி எல்லா டிராமையும் ஓட்டும். ஏன் திரும்பவும் தீவு என்று கேட்டால், "அக்கா வீட்டுல இன்னும் பின்பக்கத்து ஜன்னல் பாக்கி இருக்குடி. எனக்கு பெயிண்டு போதும், கடல் எதுக்கு?" என்று சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

கரையோரம் நீந்தட்டும். கீழே மட்டும் போக வேண்டாம். அவர் என் பேச்சைக் கேட்கமாட்டார், உங்கள் பேச்சைக் கேட்பார். உங்களை நம்பி அனுப்புகிறேன்.

அன்புடன்
பிராங்கா

*

கொமிஷா
21 ஆகஸ்ட் 2006

அன்புள்ள பிராங்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

ரோக்கோ இன்று காலைக் கப்பலில் புறப்பட்டான். இடையில் சிறிது உடல்நலம் குன்றிப் படுத்திருந்தான். குறுக்குக்காற்றே. பிராந்தியில் நனைத்த துணியைக் கழுத்தில் சுற்றி, ஜன்னல்களை அடைத்து, போர்த்திப் படுக்கவைத்தேன், எழுந்துவிட்டான். கவலை வேண்டாம். அவன் வசம் அத்திப்பழம் அனுப்பியுள்ளேன்.

பெரினா

*

ஸாக்ரெப்
18 செப்டம்பர் 2006

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். அத்திப்பழம் தித்திப்பாக இருந்தது. மூன்று பக்கத்துக்குக் குறைத்து எனக்கு எழுதியறியாத நீங்கள் கால் பக்கம் எழுதியிருந்தது தித்திப்பாக இல்லை.

அவர் வலது கையிலிருந்து பேனா நழுவுகிறது. வேலையிடத்தில் ஒரு வரைபடத்தில் எண்களை இடம் மாற்றி எழுதிவிட்டார். நரம்பு மருத்துவர் திஹானாவிடம் அழைத்துப்போனேன். தலையைப் படம் எடுத்தார்கள். மூளைக்குள் வெள்ளைப் புள்ளிகள், அண்ணி. கறுப்பு மேசையில் மாவு சிந்தியதுபோல.

"நீங்க டைவிங் போவீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"முன்னால போனேன். ரெண்டு வருஷமா தொடல, டாக்டர்" என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

அப்படியானால் இது பெரும்பாலும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்கிறார் டாக்டர். நரம்பின் உறையை உடம்பே அரித்துத் தின்னும் நோய். முதுகிலிருந்து நீர் எடுத்துப் பார்த்தார்கள். உறுதியாக ஒன்றும் தெரியவில்லை. நவம்பர் தொடக்கத்தில் ஊசி ஆரம்பிக்க வேண்டும் என்கிறார். வாழ்நாள் முழுக்க. கிளம்பும்போது என் கையைப் பிடித்துச் சொன்னார்: "வேற காரணம் ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்கம்மா. தப்பான நோய்க்கு நான் மருந்து குடுத்துட்டிருந்தா, சரியான நோய் சும்மா இருக்காது."

ஆகஸ்டில் என்ன நடந்தது?

பிராங்கா

*

ஸாக்ரெப்
9 அக்டோபர் 2006

அண்ணி,

இன்று உங்கள் நலம் விசாரிக்க எனக்கு மனமில்லை. மன்னியுங்கள்.

நீங்கள் பதில் எழுதவில்லை. தபால்காரர்மேல் பழி போட முடியாது. கடிதம் கொமிஷாவில் சேர்க்கப்பட்டது என்று தபால் நிலையத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நவம்பர் இரண்டாம் தேதி முதல் ஊசி. நீங்கள் காப்பாற்றுவது உங்கள் தம்பியையா, அல்லது அவருக்குக் கொடுத்த ஏதாவது சொல்லையா?

பிராங்கா

*

கொமிஷா
16 அக்டோபர் 2006

மாண்பமை நரம்பியல் மருத்துவர் திஹானா அம்மையார் அவர்களின் மேலான கவனத்திற்கு,

தாங்களும் தங்கள் இல்லத்தாரும் நலமே வாழ வேண்டி, தங்களிடம் சிகிச்சை பெறும் ரோக்கோவின் தமக்கை பெரினா பணிந்து எழுதுவது.

தம்பி கடலடியில் இறங்குவது குறித்து அவன் மனைவி பிராங்காவிடம் ஒரு சொல்லும் உரைக்கமாட்டேன், எழுதவும் மாட்டேன் என, எம் தாயின் கல்லறை மீது கைவைத்து நான் வாக்களித்துள்ளேன். அவ்வாக்கை நான் இன்றளவும் மீறவில்லை. வாக்களித்த வேளையில் தங்கள் பெயர் எவ்விடத்தும் குறிப்பிடப்படவில்லை. ஆகவே தங்களுக்கு எழுதுகிறேன்.

அவன் முக்குளித்தான். மே மாதத்திலும் முக்குளித்தான், ஆகஸ்டில் பலமுறை. படகைப் பிடித்திருந்தவள் நான். இங்கே நாற்பது மீட்டர் ஆழத்தில் ஒரு பழைய நீராவிக் கப்பல் கவிழ்ந்து கிடக்கிறது. அதன் மீது அவனுக்குத் தீராத மோகம். கடைசி முறை இறங்கியபோதும், ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் அவன் மணிக்கட்டுக் கருவி கட்டளையிட்ட இடத்திலெல்லாம் நின்று நின்றே மேலேறினான். எந்த விதியையும் அவன் மீறவில்லை என்பதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஏறிவந்தபோது நகைச்சுவையாகவே பேசினான்.

"கீழ ஒரு பெரிய விலாங்கு, அக்கா. உன்ன மாதிரியே மொறச்சுப் பாத்துச்சு."

"அதுக்காவது உன்னப் பத்தி நல்லாத் தெரிஞ்சிருக்கு" என்றேன்.

கடலுக்குள் இறங்கியவன்தான் நங்கூரத்தைத் தூக்க வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். மேலே சும்மா அமர்ந்திருந்தவர் தூக்கினால் அடுத்த முறை கடல் வஞ்சம் தீர்க்கும் என்பர். அன்று நங்கூரம் பாறையிடுக்கில் மாட்டிக்கொண்டது. காலைப் பலகையில் ஊன்றி, மூச்சை அடக்கி, முகம் சிவக்க முக்கி முக்கி இழுத்தான். அது வந்தது. அவன் அமர்ந்தான்.

"அக்கா, கையில எறும்பு ஊருது."

"படகுல ஏதுடா எறும்பு?"

அவன் பேச வாயெடுத்தான், சொல் எழவில்லை. வாய் ஒருபுறம் இழுத்தது. ரப்பர் உடையைத் திறந்தேன். வயிற்றில் ஊதா நிறத்தில் சலவைக்கல் கோலம்போல் வரிகள். பிறகு பேச்சு திரும்பியது, ஆனால் தடுமாறியது. கரையை அடைந்தபோது தெளிந்துவிட்டான். நடந்தது எதுவும் அவனுக்கு நினைவில்லை. எனக்கு உதவ வந்த மீனவன் பேப்போ, "குறுக்குக்காத்துதான் பெரினா. போத்திப் படுக்கப் போடு. அந்த பிராந்தில எனக்கும் கொஞ்சம் ஊத்து, பாத்த எனக்கே நடுங்குது" என்றான். நானும் அவ்வாறே கருதி ஜன்னல்களை அடைத்தேன்.

அம்மையீர், நான் சுயமாகக் கற்றவள். கற்றதைச் சோதித்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. பிராங்காவின் கடிதம் வந்தபின் யோசித்தேன். குறுக்குக்காற்றுக்கு எதிரெதிராக இரண்டு ஜன்னல்கள் வேண்டும். நடுக்கடலில் ஏது ஜன்னல்? பேப்போவிடமே இதை வினவினேன்.

"அப்ப அவனுக்குள்ளதான் எங்கயோ தெறந்து கெடக்கணும்" என்று சொல்லி உரக்கச் சிரித்தான்.

நான் சிரிக்கவில்லை. ஜூலையில் அவனுக்குத் தலைவலி வரவில்லை. ஜூலையில் அவன் கடலைத் தொடவுமில்லை. அந்நற்பெயரை அடுக்களை ஜன்னலுக்கு வழங்கியவள் நான்.

இவற்றைத் தாங்கள் பிராங்காவிடம் தெரிவிப்பின், அது தங்கள் வாய்மொழியே அன்றி எனதன்று. ஊசியைத் தொடங்குமுன் இதனைச் சீர்தூக்கிப் பார்க்குமாறு இறைஞ்சுகிறேன்.

தங்கள் கருணையை நாடும்
பெரினா

*

ஸாக்ரெப்
12 நவம்பர் 2006

அன்புள்ள அண்ணிக்கு,

உங்களுக்கு எத்தனை விதமாக நன்றி சொல்ல வேண்டும், எத்தனை விதமாகக் கோபப்பட வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தார். ஊசியை நிறுத்திவைத்தார். உப்புநீரைக் கொஞ்சம் காற்றோடு குலுக்கி, நுரைத்ததை ரோக்கோவின் கை ரத்தக்குழாயில் ஏற்றி, இதயத்தைத் திரையில் காட்டினார்கள். வலப்பக்க அறை முழுதும் வெள்ளை வெள்ளையாகப் பொங்கியது. இடப்பக்கம் இருட்டாக இருந்தது. "இப்ப மூச்ச அடக்கி நல்லா முக்குங்க" என்றார் டாக்டர். முக்கினார். மூச்சை விட்டதும், வெள்ளைப் பொட்டுகள் கூட்டம் கூட்டமாக இருட்டுக்குள் தாவின.

டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ரெண்டு அறைக்கும் நடுவுல ஒரு சின்னக் கதவு. பொறந்ததும் ஒட்டிக்கணும். நாலு பேர்ல ஒருத்தருக்கு ஒட்டாது. பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது, தெரியாமலே கெழவனாகிடுவாங்க. ஆனா ஆழத்துலேர்ந்து மேல வரும்போது ரத்தத்துல பொடிக் குமிழி கெளம்பும். நுரையீரல் அத வடிகட்டிடும். பாரம் தூக்கி முக்கினா இந்தக் கதவு தெறந்துக்கும். குமிழி வடிகட்டாம நேரா மூளைக்குப் போயிடும். எல்லாப் புள்ளியும் இதனாலதான்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. ஆனா அந்த நங்கூரக் கதையக் கேட்ட பெறகு வேற எதையும் நம்ப மனசு வரல."

அன்றைக்கே ஸ்ப்ளிட் நகரத்தில் முக்குளிப்பவர்களுக்குச் சிகிச்சை தரும் அழுத்த அறைக்கு அவரைக் கொண்டுபோயிருக்க வேண்டும் என்றும் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். இருக்கும் புள்ளிகள் போகாது. இனி முக்குளித்தால் கூடும்.

நான் உங்கள் பெயரைச் சொன்னால் ரோக்கோ அறையை விட்டுப் போய்விடுகிறார்.

ஒன்று கேட்க வேண்டும். "அந்த நேரத்தில் அவர் உங்களை அடையாளம் கண்டாரா?" என்று டாக்டர் உங்களுக்குத் தனியாக எழுதிக் கேட்டாராம். எல்லாவற்றையும் எழுதிய நீங்கள் அதற்கு மட்டும் பதில் அனுப்பவில்லையாம். ஏன் அண்ணி?

அன்புடன்
பிராங்கா

*

ஸாக்ரெப்
10 டிசம்பர் 2006

அக்கா,

நலம் விசாரிக்க நான் எழுதவில்லை. அம்மாவின் கல்லறைமேல் கை வைத்துவிட்டு ஒரு டாக்டரிடம் போய்ச் சொன்னாய். வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவள் நீ.

அந்தக் கதவோடு நாற்பத்து நான்கு வருடம் வாழ்ந்திருக்கிறேன். கொஞ்சம் கை மரத்துப்போனதற்கு என் கடலை எடுத்துக்கொள்ள உனக்கு உரிமை இல்லை. நீ எழுதிய அந்த நாள் எனக்கு நினைவில் இல்லை. எனக்கு நினைவில்லாத ஒன்றை உன் அலங்கார நடைக்காக நான் நம்பவேண்டியதில்லை.

ஏப்ரலில் வருவேன். படகைத் தண்ணீரில் இறக்கி வை. இல்லையென்றால் பேப்போவிடம் படகு இருக்கிறது.

ரோக்கோ

*

ஸாக்ரெப்
11 ஏப்ரல் 2007

அன்புள்ள அண்ணிக்கு,

குளிர்காலம் உங்களை அதிகம் வருத்தவில்லை என்று நம்புகிறேன். இங்கே வருத்தியது.

தொடை ரத்தக்குழாய் வழியாகச் சின்னக் குடைபோல ஒன்றை அனுப்பி அந்தக் கதவை மூடிவிடலாம் என்றார் டாக்டர். "மூடிட்டா டைவிங் போகலாமா?" என்றார் இவர். "மொதல்ல இருக்கற மூளையக் காப்பாத்துவோம். அந்த உறுதிய நான் தர முடியாது." "அப்ப கதவு அப்படியே இருக்கட்டும்" என்று எழுந்து வந்துவிட்டார்.

இன்று காலை நான் வண்டியில் இருந்தேன். ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள நிறுத்தத்தில், சாலையின் மறுபக்கம் அவர் நின்றார். தோளில் கறுப்புப் பை. ரப்பர் உடை வைக்கும் பை. என்னைப் பார்த்துக் கையசைத்தார். வண்டி நிறைய ஆட்கள். இறங்க முடியாது. கதவை மூடி, மணியடித்து, அவரைக் கடந்து ஓட்டினேன்.

இந்தக் கடிதத்துக்கு முன்னால் அவரே அங்கே வந்துவிடுவார். என்ன நடந்தாலும் இம்முறை எழுதுங்கள். டாக்டருக்கு அல்ல. எனக்கு.

பிராங்கா

*

கொமிஷா
14 ஏப்ரல் 2007

என் பிராங்காவுக்கு,

முதலில் இதை அறிந்துகொள்: அவன் உயிரோடும் நலத்தோடும் என் வீட்டில் இருக்கிறான். இனி நீ அமர்ந்து நிதானமாகப் படிக்கலாம். நீ உண்டாயா, உறங்கினாயா என வினவ அஞ்சுகிறேன்.

கப்பலிலிருந்து இறங்கியவன் என்னிடம் ஒரு சொல்லும் பேசவில்லை. மறுநாள் காலை, அவன் சிலிண்டரைப் படகில் ஏற்றக் கண்டு, அவன் ஏறுமுன்னே நான் சென்று படகில் அமர்ந்துகொண்டேன். பேப்போ கரையில் வலை பிரித்தபடி, "ரெண்டு கழுதையும் ஒரே படகுல" என்று முனகினான். நாங்கள் பேசியதை, என் நடையில் செப்பனிடாமல், பேசியபடியே எழுதுகிறேன். அலங்காரம் வேண்டாம் என்பது உன் கணவனின் கட்டளை.

"எறங்கு அக்கா."

"இது என் படகு."

"அப்ப ஓட்டு."

"ஓட்டறேன். டாக்டரம்மா என்ன ஒரு கேள்வி கேட்டாங்க. அதுக்கு நான் பதில் எழுதல. அத மட்டும் கேட்டுட்டுப் போ."

"உன் கதையெல்லாம் ஸாக்ரெப்லயே கேட்டாச்சு."

"இது யாருக்கும் சொல்லாதது. நங்கூரத்த தூக்கிட்டு உக்காந்தியே, கொஞ்ச நேரத்துல உனக்குப் பேச்சு வந்துச்சு. என்னையே பாத்த. 'நீங்க யாருங்க?'ன்னு கேட்ட."

அவன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். கை நின்றது.

"நீங்களா? உன்னப் போயி நான் 'நீங்க'ன்னேனா?"

"ரொம்ப மரியாதையா. 'என்ன எங்கங்க கூட்டிட்டுப் போறீங்க? கரையில விட்டுடுங்க. எங்க அக்கா தேடுவா'ன்னு சொன்ன."

"நீ என்ன சொன்ன?"

"'சரிங்க'ன்னேன். வேற என்னடா சொல்றது? 'இதோ விட்டுடறேங்க, அவ கரையிலதான் நிக்கறா'ன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தேன்."

பிராங்கா, மரியாதைச் சொற்களை வாழ்நாளெல்லாம் தேடித் தேடிப் பயின்றவள் நான். அந்த ஒரு சொல்லை மருத்துவருக்கு எழுத அமர்ந்தபோதெல்லாம் என் கை மறுத்துவிட்டது.

அவன் அவிழ்த்த கயிற்றை மீண்டும் கட்டினான். பின்னர் எழுந்து சிலிண்டரைத் தூக்க முனைந்தான். "தூக்காதடா!" என்று கத்தினேன், துறைமுகம் முழுதும் திரும்பிப் பார்த்தது. "இன்னும் தண்ணியிலயே எறங்கலியே அக்கா, கரைக்குத்தான் எடுத்துட்டுப் போறேன்" என்றான். ஆயினும் கீழே வைத்துவிட்டான். பேப்போ வந்து தூக்கிச் சென்றான், எங்கள் இருவரையும் வைதபடியே.

மாலையில், மருத்துவர் திஹானாவிடம் அந்தக் குடை வைக்க நாள் கேட்குமாறு உனக்கு எழுதச் சொன்னான். கடலை விட்டுவிட்டதாகச் சொல்லவில்லை; சொல்லாததை நான் உனக்கு எழுதமாட்டேன். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமைக் கப்பலில் வருகிறான். நானும் உடன் வருகிறேன். உங்கள் நான்காம் மாடியை என் முழங்கால் மன்னிக்கட்டும்.

இப்போது அடுக்களையில் மீன் பொரிக்கிறான். "இன்னும் எழுதி முடிக்கலியா நீ? மீனு ஆறுது" என்று கத்துகிறான்.

நீ என்கிறான், பிராங்கா. இத்துடன் முடிக்கிறேன்.

பெரினா